ஏஞ்சல் பீட்ஸ் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் முறை ஏஞ்சல் பீட்ஸ் பார்க்க உட்கார்ந்தபோது இரண்டாவது எபிசோடோடு எழுந்துவிட்டேன். பள்ளிச் சீருடையில் துப்பாக்கி ஏந்திய பிள்ளைகள், பூமிக்கடியில் ஓர் ஆயுதப் பட்டறை, அங்கே இறங்கும் வழியில் பொறிகளில் மாட்டி ஒவ்வொருவராகச் சாவது, அதையே சிரிப்பாகக் காட்டுவது. சண்டையும் கூத்துமாகப் போகிற தொடர் என்று முடிவு கட்டிவிட்டேன். சில மாதம் கழித்து நண்பன் ஒருவன், "மூணாவதை மட்டும் பாரு, அப்புறம் விட்டுடு" என்றான். அன்று இரவே மிச்சமிருந்த 11 எபிசோடையும் பார்த்து முடித்தேன். அதற்குப் பிறகு இந்தத் தொடரைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பாதியில் விட்டவர்களும் சரி, முடித்துவிட்டு ஒன்றும் புரியவில்லை என்றவர்களும் சரி, அநேகமாக ஒரே இடங்களில்தான் தடுமாறியிருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜப்பானில் 2010 ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடிந்த 13 எபிசோட் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர் இது. கதை ஜுன் மாயேடா, இயக்கம் செய்ஜி கிஷி, தயாரித்த ஸ்டூடியோ பி.ஏ. வொர்க்ஸ். ஒட்டோனாஷி என்ற பையன் நினைவெல்லாம் இழந்து ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கண் விழிக்கிறான். அது செத்தவர்கள் வந்து சேரும் இடம். அங்கே யுரி என்ற பெண் ஒரு படையைத் திரட்டிக் கடவுளை எதிர்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் ‘டென்ஷி’ என்று அழைக்கும் மாணவர் தலைவிதான் அவர்களுக்கு முதல் எதிரி.

முதல் இரண்டு எபிசோடை வைத்துத் தொடரை எடைபோடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்த இரண்டும் யுரி நம்புகிற உலகத்தை நமக்குக் காட்டுகின்றன: ஒழுங்காக வகுப்புக்குப் போனால், சொன்னபடி நடந்தால், மறைந்துபோவோம், ஆகவே எதிர்த்து நில். மூன்றாவது எபிசோடில் இந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. யாரும் விதிக்குக் கட்டுப்படவில்லை, இருந்தும் ஒருவர் மறைந்துபோகிறார். ஏன் என்று கேள்வி எழும் அந்த இடத்தில்தான் கதை உண்மையில் தொடங்குகிறது. குறைந்தபட்சம் அதுவரைக்கும் பொறுத்துப் பாருங்கள்.

அடுத்தது, தள்ளிவிட்டுப் பார்ப்பது. நான்காவது எபிசோடில் பேஸ்பால் போட்டி, ஐந்தாவதில் தேர்வு நேரத்துக் கலாட்டா என்று வருவதால் இதெல்லாம் இட்டு நிரப்பியது என்று நினைத்து ஓட்டிவிடுகிறார்கள். 13 எபிசோடில் முடியும் தொடருக்கு இட்டு நிரப்ப இடமே கிடையாது. நான்காவதில் விதைத்தது பத்தாவதில் முளைக்கும், ஐந்தாவதில் சிரித்த மாப்போ டோஃபு என்ற காரச் சாப்பாட்டுக்குக் கடைசியில் வேறு பொருள் வரும். பாட்டுகளையும் தள்ளாதீர்கள். கேர்ல்ஸ் டெட் மான்ஸ்டர் என்ற இசைக்குழு வரும் காட்சிகள் சும்மா அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. அந்தப் பாட்டுகளில்தான் சிலருடைய முழு வாழ்க்கையும் சொல்லப்படுகிறது. குழுவின் பாடகிகளான இவாசாவாவுக்கு மரினாவும் யுயிக்கு லிசாவும் பாடியிருக்கிறார்கள். அந்த லிசாதான் பின்னாளில் அனிமே பாடல்களால் பெரும் புகழ் பெற்றவர்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. யுரி வேறு, யுயி வேறு. முதலாமவள் படைத் தலைவி, இரண்டாமவள் இளஞ்சிவப்பு முடியோடு துள்ளிக்கொண்டு வரும் பாடகி. சப்டைட்டிலை வேகமாகப் படித்தால் இருவரும் கலந்துபோவார்கள். பத்தாவது எபிசோடு வரும்போது அந்தக் குழப்பம் இருக்கவே கூடாது.

‘டென்ஷி’யைத் தமிழில் தேவதை என்று மனதுக்குள் மாற்றிக்கொள்வதும் சிக்கல்தான். நமக்குத் தேவதை என்றால் அழகு, அருள், வரம். யுரியின் படை அந்தச் சொல்லால் குறிப்பது கடவுளின் ஏவலாள், தேவதூதர். அந்தப் பெண்ணோ முதல் எபிசோடிலேயே, தான் தேவதூதர் அல்ல என்று ஒட்டோனாஷியிடம் நேராகச் சொல்லிவிடுகிறாள். அவள் கையில் முளைக்கும் கத்தி கடவுள் கொடுத்தது அல்ல; ஏஞ்சல் பிளேயர் என்ற கணினி மென்பொருளில் அவளே உட்கார்ந்து உருவாக்கிக்கொண்டது. முதலில் தாக்கியது யார், தற்காப்புக்கு நின்றது யார் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அவள் பெயர் தச்சிபானா கனாதே. அந்தப் பெயராலேயே அவளை அழைக்கப் பழகினால் கதை வேறு மாதிரி தெரியும்.

இதற்கு மேல் கதையின் முடிச்சுகள் எல்லாம் அவிழும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நரகம் என்றோ தண்டனைக் கூடம் என்றோ எடுத்துக்கொள்கிறவர்கள் நம்மிடையே அதிகம். பாவ புண்ணியக் கணக்கோடு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாக வருகிற எண்ணம்தான். ஆனால் அங்கே வந்தவர்களில் யார் பாவம் செய்தவர்? யுரி வீட்டில் கொள்ளையர் புகுந்து, பத்து நிமிடத்துக்கு ஒருவராக அவளுடைய தம்பி தங்கைகள் மூவரையும் கொன்றார்கள். இவாசாவா பெற்றோரின் சண்டைக்கு நடுவே அடிபட்டு, பேச்சை இழந்து இறந்தாள். நவோய் இறந்துபோன இரட்டைச் சகோதரனின் இடத்தில், அவனாகவே வாழவைக்கப்பட்டான். இவர்கள் எல்லாருக்கும் இளமைப் பருவம் என்று ஒன்று கிடைக்கவில்லை. அதனால்தான் அந்த உலகம் பள்ளிக்கூடமாக இருக்கிறது. வகுப்பு, மைதானம், சாப்பாட்டுக்கூடம், நண்பர்கள் என்று கிடைக்காமல் போனது அங்கே கிடைக்கிறது. அது கிடைத்து மனம் நிறைந்தால் போய்விடலாம்.

அந்தப் ‘போவது’ என்பதையும் சாவு என்று படித்துவிடக் கூடாது. ஜப்பானியப் பேச்சில் இதற்கு ‘ஜோபுட்சு’ என்ற சொல் உண்டு. புத்தநிலை அடைவது என்பது அதன் நேர்ப்பொருள். வழக்கில், இறந்தவரின் உயிர் பற்றை விட்டு அமைதியாகப் போய்ச் சேர்வதைக் குறிக்கும். சப்டைட்டிலில் இது ‘அழிந்துபோவது’ என்ற பொருளில் வரும்போது நமக்கு அது படுகொலை போலத் தோன்றிவிடுகிறது. யுரியின் ஆட்களுக்கும் தொடக்கத்தில் அந்தப் பயம்தான். மறுபிறவியில் கடல்பாறையில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசாகப் பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்படுகிறார்கள். அதைக் கேட்டுச் சிரிக்கிறோம், ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருப்பது, மறுபடி வாழத் துணிச்சல் இல்லாத பிள்ளைகளின் நடுக்கம். ஒருவர் மறையும்போதெல்லாம் ஆளை இழந்ததாகப் படை கணக்குப் பார்க்கிறது. நாமும் அதே கணக்கைப் பார்த்தால் பிற்பாதி முழுக்கச் சோகமாகவே தெரியும்.

பத்தாவது எபிசோடைக் காதல் திடீரென்று முளைத்த எபிசோடு என்று சொல்பவர்களுக்கு நான்காவதை மறுபடி பார்க்கச் சொல்வேன். யுரியின் படையைச் சேர்ந்த ஹினாட்டா உயிரோடு இருந்தபோது முக்கியமான ஆட்டத்தில் எளிய கேட்ச் ஒன்றைத் தவறவிட்டவன். இங்கே நடக்கும் போட்டியின் முடிவில் அதே போன்ற பந்து அவனை நோக்கி வருகிறது. பிடித்தால் மனம் நிறையும், நிறைந்தால் மறைந்துவிடுவான். அந்த நொடியில் குறுக்கே பாய்ந்து அவனைத் தள்ளிவிடுவது யுயி. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் தீர்த்துக்கொண்டது பழைய கோபத்தை. ஆனாலும் அவனை அந்த உலகத்தில் நிறுத்திவைத்தது அவள்தான். பத்தாவதில் யுயியின் கதை தெரியவருகிறது: சிறு வயதில் கார் மோதி உடல் செயலிழந்தவள், ஆயுள் முழுவதையும் கட்டிலில் கழித்தவள், அம்மாதான் பார்த்துக்கொண்டார். மல்யுத்தப் பிடி, கால்பந்து, ஹோம்ரன் என்று அவள் கேட்பதெல்லாம் ஓடியாடும் உடம்பு உள்ளவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. கடைசியாகக் கேட்பது கல்யாணம். என்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அவள் சொல்லும்போது ஹினாட்டா வந்து நிற்கிறான். தான் அடித்த பந்து அவள் வீட்டு ஜன்னலை உடைக்கும், எடுக்க வருவேன், அப்படிச் சந்திப்போம் என்று அடுத்த பிறவியைச் சொல்கிறான். அவனைப் போகவிடாமல் பிடித்தவளை அவனே வழியனுப்பிவைக்கிறான். நான்காவதைத் தள்ளிவிட்டவர்களுக்கு இது வெறும் அழுகைக் காட்சியாகத்தான் எஞ்சும்.

ஆட்களை விழுங்கும் நிழல்களும் கணினி அறையும் வரும் 11, 12-ஆம் எபிசோடுகளில் வேறு ஒரு பிசகு. கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்து யுரியிடம் பேசும் இளைஞனைக் கடவுள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவன் என்பிசி, அதாவது ஆன்மா இல்லாமல் நிரலால் இயங்கும் பாத்திரம்; நிழல்களை உண்டாக்கும் நிரலை எழுதியவன் விட்டுச்சென்ற காவலாள். எழுதியவனோ அங்கே காதலித்து, காதலி முன்னே போய்விட, காத்துக் காத்து மனம் பிறழ்ந்து தன்னையே என்பிசியாக மாற்றிக்கொண்டவன். அந்த உலகத்தில் காதல் தோன்றினால் அங்கேயே தங்கிவிட ஆசை வரும், தங்கக் கூடாத இடம் தங்கும் இடமாகிவிடும் என்று பயந்து நிழல்களை வைத்தான். நிழல் விழுங்கியவர்கள் ஆன்மா இல்லாத என்பிசி ஆகிவிடுகிறார்கள். அப்படி விழுங்கப்பட்ட படை வீரன் தக்காமாட்சுவின் கதி அத்தோடு முடிந்தது என்று வருந்தவும் வேண்டாம். அவனும் தன்னிலை திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கடைசி எபிசோடில் ஒரு வரி வருகிறது. பலர் காதில் விழாமல் போகும் வரி அது.

இனி எல்லாரும் சண்டை போடும் இடம். ஒட்டோனாஷி சுரங்கப்பாதை ரயில் விபத்தில் சிக்கி, மற்றவர்களைக் காப்பாற்ற முயன்று, உறுப்புதானச் சம்மதம் எழுதிவைத்துவிட்டு இறந்தவன். அவனுடைய இதயம் கனாதேவுக்குப் பொருத்தப்பட்டது. அப்படியென்றால் அவன் இறந்த பிறகும் வாழ்ந்தவள் அவனுக்கு முன்பே எப்படி அங்கே இருக்கிறாள்? கதையில் ஓட்டை என்று இதைச் சொல்பவர்கள், அந்த உலகத்தின் காலமும் நம் உலகத்தின் காலமும் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும் என்று தாங்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தொடர் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை. விளக்கமும் தரவில்லை என்பது உண்மை. ஒரு வசனத்திலாவது தொட்டிருக்கலாம் என்று எனக்கும் படுகிறது. ஆனால் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு, கண் முன்னால் வைத்திருக்கும் குறிப்புகளைத் தவறவிடுவது பெரிய இழப்பு. தலைப்பிலுள்ள ‘பீட்ஸ்’ இதயத் துடிப்பு. ஓபனிங் பாட்டின் பெயர் ‘மை சோல், யுவர் பீட்ஸ்!’, அதாவது என் உயிர், உன் துடிப்பு. ஒட்டோனாஷி என்ற பெயரை எழுதும் எழுத்துகளுக்கு ஒலி இல்லை என்று பொருள். கனாதே என்றால் இசைப்பது. ஓபனிங்கில் பியானோ வாசிப்பவளும் அவள்தான்.

கடைசிக் காட்சியில் அவளைப் போகாதே என்று அவன் கெஞ்சுவதைக் குணக்கேடாகப் பார்க்கிறார்கள். எல்லாரையும் போகச் சொன்னவன் தன் முறை வரும்போது தடுமாறுகிறான், அவ்வளவுதான். அது எழுத்தில் வந்த பிழை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. டிவிடியின் ஏழாம் தொகுதியோடு வந்த ‘அனதர் எபிலோக்’ அந்தத் தடுமாற்றத்தையே பின்தொடர்ந்து, அவன் அங்கேயே தங்கி மாணவர் தலைவனாகப் புதியவர்களுக்கு வழிகாட்டுவதைக் காட்டுகிறது. 13-ஆம் எபிசோடின் இறுதியிலோ, நகரத் தெருவில் கனாதே சாயலில் ஒரு பெண் பாட்டை முணுமுணுத்தபடி போக, அவன் சாயலில் ஒருவன் அவளை நோக்கிக் கை நீட்டுகிறான். இரண்டில் எது உண்மையான முடிவு என்று ஒன்றை அடித்துவிட்டு மற்றதைப் பிடிக்கத் தேவையில்லை. முந்தையது நடந்து வெகு காலம் கழித்துப் பிந்தையது நடந்திருக்கலாம். அந்த நிரலை எழுதியவனே ஒட்டோனாஷிதான் என்ற ஊகமும் சுற்றுகிறது. யோசிக்கச் சுவையானது, ஆனால் தொடர் சொன்ன உண்மை போல யாருக்கும் எடுத்துச் சொல்லாதீர்கள்.

2010 டிசம்பரிலும் 2015-லும் வந்த இரண்டு சிறப்பு எபிசோடுகள் முழுக் கலகலப்பு. படை ஒன்றாக இருந்த காலத்தில் நடப்பவை. 13 முடிந்த கையோடு அவற்றைப் போட்டால் மனம் ஒட்டாது, சில நாள் விட்டுப் பாருங்கள். 2015 ஜூனில் வந்த விஷுவல் நாவல் (படங்களோடு வாசித்து விளையாடும் கணினி விளையாட்டு) முதல் பாகத்துக்கு அடுத்த பாகம் வரவில்லை. இரண்டாவது சீசனுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், கதை 13-இல் முடிந்துவிட்டது.

அதற்குப் பதிலாக முதல் எபிசோடுக்குத் திரும்புங்கள். செத்தவன் மறுபடி சாகமாட்டான் என்பதை நிரூபித்துக் காட்டு என்கிறான் ஒட்டோனாஷி. கனாதே சட்டென்று அவன் நெஞ்சில் குத்துகிறாள். முதல் முறை பார்க்கும்போது அது சிரிப்பும் அதிர்ச்சியும். கடைசி எபிசோடில் அவள் சொல்கிறாள்: அந்த முதல் குத்திலேயே தெரிந்துவிட்டது, உன்னிடம் இதயம் இல்லை என்று.