காலையில் யோகா, பதினொரு மணிக்குக் கத்தல்

காலை ஐந்தரைக்கு எழுந்து பாயை விரித்து, சூரிய நமஸ்காரம் 12 சுற்று, அப்புறம் நாடிசுத்தி மூச்சுப் பயிற்சி, கடைசியில் சவாசனம். எல்லாம் முடித்து சென்னை ஓ.எம்.ஆர். சாலை டிராஃபிக்கில் நீந்தி ஆபீஸ் போய், பதினொரு மணி மீட்டிங்கில் ஒரு பையனைப் பத்துப் பேர் முன்னால் காய்ச்சி எடுத்தேன். முந்தின ராத்திரி அவன் போட்ட சாஃப்ட்வேர் பில்ட் உடைந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். மீட்டிங் முடிந்து காபி மெஷின் பக்கம் போனபோது டீமில் சீனியரான ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: "என்னண்ணா, இன்னிக்கு யோகா பண்ணலையா?"

பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

டீம் லீட், மேனேஜர் என்று ஆனபிறகு யோகா பக்கம் வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். காலைப் பயிற்சியை போன் சார்ஜ் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஒரு மணி நேரம் போட்டால் நாள் முழுக்க அமைதி ஓடும் என்று கணக்கு. அப்படி ஓடாது. வீரபத்ராசனத்தில் தொடை நடுங்கும்போது நம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். "மூச்சை நிறுத்தாதீங்க" என்று ஆசிரியர் சொல்வார். மூச்சு நின்றதைக் கவனித்து அதைத் திரும்ப ஓடவிடுவதுதான் அங்கே நாம் பழகும் விஷயம். மீட்டிங்கிலும் அதேதான் நடக்கிறது. கோபம் வாய்க்கு வருவதற்கு முன்னாலேயே தாடை இறுகும், மூச்சு நெஞ்சுக்கு மேலே ஏறி நிற்கும். பாயில் கவனித்ததை நாற்காலியில் கவனிக்காவிட்டால் காலையில் எழுந்தது உடம்புக்கு ஆகும், டீமுக்கு ஒன்றும் ஆகாது.

நான் இப்போது செய்வது சின்ன வேலை. மைக்கை மியூட்டில் போட்டு, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவேன். ஆறு முறை செய்தால் ஒரு நிமிஷம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். அதனால்தான் வெளிமூச்சை நீட்டுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

இதையே பெரிதாகச் செய்யப்போய் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. யூடியூபில் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, பிரசென்டேஷனுக்குப் பத்து நிமிஷம் முன்னால் ரெஸ்ட் ரூமில் நின்று, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி அடிப்பார்கள். அது உசுப்பிவிடும் பயிற்சி, அடக்கும் பயிற்சி இல்லை. வயிறு காலியாக இருக்கும்போது செய்ய வேண்டியது. ரத்த அழுத்தம், குடலிறக்கம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தொடக்கூடாது. நாற்பதைத் தாண்டிய மேனேஜர்களில் பிரஷர் மாத்திரை போடாதவர் எத்தனை பேர்? மூச்சை உள்ளே அடக்கி நிறுத்துவதும், கிளாக்கோமா இருப்பவர் தலைகீழாக நிற்பதும் இந்த ரகம்தான்.

அடுத்தது ஆசன மோகம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான சூத்திரங்கள் இருக்கின்றன. அதில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. அவர் சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களின் வரிசையிலும் ஆசனம் மூன்றாவதுதான். அதற்கு முன்னால் யமம் (பிறரிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கம்), நியமம் (தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் ஒழுங்கு). யமத்தில் இரண்டாவதாக வருவது சத்தியம். கிளையண்ட் கேட்டவுடன் "வெள்ளிக்கிழமை முடிச்சிடலாம்" என்று முடியாத தேதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதை டீம் தலையில் இறக்குகிறோமே, அங்கே வேண்டியது இதுதான். சிரசாசனம் ஆறு மாதத்தில் வந்துவிடும். "வெள்ளிக்கிழமை முடியாது, புதன் ஆகும்" என்று சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆனது.

அமைதி என்ற பெயரில் வாயை மூடிக்கொள்வதும் உண்டு. சரியாக வேலை செய்யாதவரிடம் அதைச் சொல்லாமல் வருஷம் முழுக்கச் சிரித்துவிட்டு, அப்ரைசலில் மட்டும் கம்மியாக ரேட்டிங் போடுவது நிதானத்தில் சேராது.

இதையெல்லாம்விட மோசமானது, தனக்குப் பிடித்ததை டீமின் மேல் ஏற்றுவது. 2014 டிசம்பரில் ஐ.நா. அறிவித்து, 2015 முதல் ஜூன் 21 யோகா தினம். அன்று பேனர், டி-ஷர்ட், குரூப் போட்டோ எல்லாம் சரி, ஒரு நாள் கூத்து. ஆனால் நான் ஒருமுறை வாட்ஸ்அப் குரூப்பில் "நாளை முதல் காலை 7 மணி, அனைவரும் வரவும்" என்று போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவர் அதற்கு எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. சிசேரியன் ஆகி ஆறு மாதம்கூட ஆகாதவர், டிஸ்க் பிரச்சினையை யாரிடமும் சொல்லாதவர், ஓம் சொல்லத் தயங்குகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். மேலதிகாரி கூப்பிட்டால் யார் அதைச் சொல்வார்கள்? சென்னையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வளர்த்த மரபில், ஆளுக்கும் வயதுக்கும் உடம்புக்கும் தகுந்தபடி பயிற்சியை மாற்றிக் கொடுப்பதுதான் அடிப்படை. நான் இருபது பேருக்கு ஒரே ஆசனத்தைச் சொல்லி வருகைப் பதிவும் எடுத்தேன்.

செய்தே தீர வேண்டும் என்றால் ஆயுஷ் அமைச்சகத்தின் ஒய்-பிரேக் என்ற குட்டி யோகா இடைவேளை மாதிரி ஐந்து நிமிஷம், அலுவலக நேரத்துக்குள்ளேயே, வருகிறவர் வரட்டும் என்று விடலாம்.

ஆட்கள் குறைவு, வேலை அதிகம் என்கிற இடத்தில் யோகா வகுப்பு வைப்பது காயத்துக்கு மருந்து போடாமல் விசிறிவிடுவது மாதிரி. அமெரிக்காவில் ஏட்னா என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த மார்க் பெர்டோலினி, 2004இல் பனிச்சறுக்கு விபத்தில் கழுத்து உடைந்து, வலியைத் தாங்க யோகாவுக்கு வந்தவர். ஊழியர்களுக்கும் வகுப்புகள் வைத்தார். ஆனால் அதோடு நிற்காமல், 2015இல் கடைநிலை ஊழியர்களின் சம்பளத்தை மணிக்குக் குறைந்தது 16 டாலர் என்று உயர்த்தினார். என் கையில் சம்பளம் இல்லை. யாருக்கு எந்த வாரம் ராத்திரி ஷிஃப்ட் என்ற பட்டியல் இருந்தது, அதைத் திருத்தினேன்.

மூன்று மாதம் கழித்து, காபி மெஷின் பக்கம் பார்த்த அதே பெண்ணிடம் கேட்டேன், ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று.

"கத்துறது கொறஞ்சிருக்குண்ணா. ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போடுறதுதான் இன்னும் கொறையல."