ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எனக்கு வயது 54. குரோன்ஸ் குடல் அழற்சிக்காக எட்டு மாதம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். வயிறு அடங்கியது, ஆனால் ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர், அதாவது அடர்த்தி மதிப்பெண், மைனஸ் 2.7. மைனஸ் 2.5-க்கு இறங்கினாலே எலும்புப்புரைதான், எலும்பு எளிதில் முறியும் நோய். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு என்றால் இந்த ஸ்கேனை நீங்களே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் எழுதித் தந்தது எலும்பைக் காக்கும் மாத்திரை, வாரம் ஒரு அலெண்ட்ரோனேட், 70 மில்லிகிராம். ஞாயிறு விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்குவேன். அப்புறம் அரை மணி நேரம் படுக்கவே கூடாது, காபியும் கிடையாது. ஒருமுறை அசதியில் சாய்ந்துவிட்டேன். மத்தியானம் வரை நெஞ்செரிச்சல். மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு வருடம் ஒருமுறை ஜோலெட்ரோனிக் ஆசிட் என்ற எலும்பு மருந்தை டிரிப்பாக ஏற்றும் வழி இருக்கிறது. கால்சியம் மாத்திரையை அலெண்ட்ரோனேட்டோடு சேர்க்காமல் மத்தியானச் சாப்பாட்டோடு போடுகிறேன்.

பயந்துபோய் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.