ஹாஸ்டலுக்கு மூட்டை கட்டுவது எப்படி? முதல் லீவு வரைக்கும் யோசித்தால் போதும்

கவுன்சலிங் முடிந்து கல்லூரியும் உறுதியாகிவிட்டால் அடுத்து வீட்டில் நடப்பது கடை கடையாக ஏறி இறங்குவதுதான். பக்கெட், மெத்தை, புது பேக், பத்து செட் டிரெஸ் என்று ஒரே வாரத்தில் கூடம் நிறைந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வகுப்பு தொடங்கினால் ஆயுத பூஜைக்கோ, மிஞ்சிப்போனால் தீபாவளிக்கோ ஊருக்கு வந்துவிடுவீர்கள். அதுவரைக்கும் என்ன வேண்டும் என்று மட்டும் யோசியுங்கள். மிச்சத்தை அப்புறம் எடுத்துப் போகலாம். அதற்குள் உண்மையில் எது தேவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டுக்குள் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் வருடம் சேர்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு போன்

ஹாஸ்டல் அலுவலகத்துக்கோ, அங்கே தங்கிப் படிக்கும் ஒரு சீனியருக்கோ பேசுங்கள். சீனியர் கிடைத்தால் இன்னும் நல்லது, உள்ளதை உள்ளபடி சொல்வார். மெத்தை தருகிறார்களா, பூட்டக்கூடிய அலமாரி உண்டா, மெஸ்ஸில் தட்டு டம்ளர் கொடுப்பார்களா, துணி துவைக்க என்ன வழி, தண்ணீர் உப்பா, வகுப்புக்கு டிரெஸ் கோட் என்ன, எதையெல்லாம் உள்ளே விடமாட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டிலின் அளவையும் டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். பொதுவாக 6 அடிக்கு 3 அடி என்பார்கள். இரண்டரை அடி அகலக் கட்டில் போட்ட ஹாஸ்டல்களும் இருக்கின்றன. அதில் மூன்றடி மெத்தையைப் போட்டால் அரை அடி வெளியே தொங்கும், புரண்டு படுத்தாலே சரியும்.

2. காகிதங்கள்

மற்ற எதை மறந்தாலும் கல்லூரி வாசலில் உள்ள கடையில் வாங்கிவிடலாம். இவற்றை வாங்க முடியாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், டிசி, சாதிச் சான்றிதழ், சேர்க்கை ஆணை, ஆதார், வங்கி பாஸ்புக், பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்கள். பொருந்துமானால் வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரி சான்றிதழும். எல்லாவற்றிலும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுங்கள். டிசியைக் கொடுத்தால் திரும்ப வராது என்பதால் அதில் கூடுதலாகவே எடுத்து வையுங்கள். அரசு ஆவணங்களை டிஜிட்டலாக வைத்துக்கொள்ளும் டிஜிலாக்கர் செயலியில் கிடைப்பதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் சான்றிதழ் போன்ற அசல்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே சரிபார்ப்பு முடிந்ததும் கேட்டு வாங்கி, உடன் வந்த அப்பா அம்மாவிடமே கொடுத்து அனுப்பிவிடுங்கள். நான்கு பேர் புழங்கும் அறையில் அசலை வைத்திருக்க வேண்டாம்.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தேவை. இணைப்பு இருக்கிறதா என்று ஊரில் இருக்கும்போதே வங்கியில் பார்த்துவிடுங்கள்.

3. படுக்கை

தூக்கம் சரியாக இருந்தால் புது இடத்தில் பாதி கஷ்டம் தெரியாது. அதனால் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மெத்தை கல்லூரி இருக்கும் ஊரிலேயே கிடைக்கும், தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. வீட்டிலிருந்து போக வேண்டியவை ஒரு தலையணை, இரண்டு உறை, இரண்டு பெட்ஷீட், ஒரு போர்வை. பவானி ஜமக்காளம் வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் சுருட்டிக்கொள்ளுங்கள். தரையில் விரித்து உட்கார்ந்து படிக்க அதைப்போல் எதுவும் வராது.

கொசுவலை கட்டாயம். ஒரு ஆள் கட்டிலுக்கான, நாலு மூலையிலும் நாடா வைத்த சாதாரண வலையே போதும். கூடவே பத்து மீட்டர் நைலான் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் கம்பம் இருக்காது, ஜன்னல் கம்பியிலும் அலமாரிப் பிடியிலும் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். வலையின் அடியை மெத்தைக்குக் கீழே ஒரு சாண் செருகினால்தான் கொசு நுழையாது. டெங்குக் கொசு கடிப்பது பகலில் என்பதால், மதியம் படுத்தாலும் வலைக்குள்ளேயே படுங்கள்.

4. துணி

எத்தனை செட் என்பதை நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைப்பீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறை என்றால் வகுப்புக்கு ஆறு செட், அறையில் போட மூன்று, உள்ளாடை பத்து. இது தாராளம்.

இன்னொரு கணக்கும் உண்டு, மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னை, கடலூர் பக்கம் என்றால் வராந்தாக் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்று நாளானாலும் இடுப்புப் பட்டையில் ஈரமாகவே இருக்கும், வாடையும் வரும். ஒரு ஜீன்ஸ் போதும், மற்றதெல்லாம் மெல்லிய காட்டனாக இருக்கட்டும். டர்க்கி டவலுக்குப் பதில் ஈரோட்டுத் துண்டு இரண்டு. காலையில் உதறிப் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். குடையும் ரப்பர் செருப்பும் முதல் பயணத்திலேயே போகட்டும்.

பட்டுப் பாவாடை, வேட்டி எல்லாம் கல்லூரி விழாத் தேதி தெரிந்தபிறகு.

5. குளிக்க, துவைக்க

பக்கெட், மக், சோப்பு டப்பா, கிளிப், கொடிக்கயிறு. பக்கெட்டையும் மக்கையும் அங்கே போய் வாங்கினால் பஸ்ஸில் இடம் மிச்சம். உப்புத் தண்ணீர் என்று சொல்லியிருந்தால் துவைக்கிற சோப்புக் கட்டி வேண்டாம். அந்தத் தண்ணீரில் நுரை வராமல் திரிந்து துணியில் படியும், வெள்ளைச் சட்டை நாலு துவைப்பில் பழுப்பாகும். டிடர்ஜென்ட் பவுடர் எடுங்கள். பெண்கள் இரண்டு மாதத்துக்கான பேட் கையோடு வைத்திருங்கள். இடம் மாறும்போது தேதி முந்தியோ தள்ளியோ வருவது சகஜம்.

தட்டு, டம்ளர் கொண்டுபோக வேண்டுமென்றால் எவர்சில்வரில் வாங்கி, பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டச் சொல்லுங்கள். மெஸ்ஸில் எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

6. பிளக்கும் பூட்டும்

பல ஹாஸ்டல்களில் அயர்ன் பாக்ஸ், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தடை. அதற்குக் காரணம் இருக்கிறது. அறையில் உள்ள சாதாரண பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது ஏறக்குறைய 1,380 வாட். ஒரு கெட்டிலே 1,500 வாட் இழுக்கும். பழைய வயரிங் சூடேறித் தீப்பிடிக்க அது போதும். லேப்டாப் சார்ஜர் வெறும் 65 வாட்தான், பயமில்லை. ஐஎஸ்ஐ முத்திரை போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, வயர் மூன்று மீட்டராவது இருக்கட்டும்.

நல்ல பூட்டு இரண்டு, அலமாரிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. ஒரு சாவி ஊரில் இருக்கட்டும்.

7. மருந்து, தின்பண்டம்

பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், பிளாஸ்டர், தெர்மாமீட்டர், தைலம். தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் டாக்டர் சீட்டோடு. ஒரு காகிதத்தில் வீட்டு நம்பர்களையும், ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522ஐயும் எழுதி பர்ஸில் வையுங்கள். போன் அணைந்த நேரத்தில் அந்தக் காகிதம்தான் உதவும்.

அம்மா கட்டித் தரும் முறுக்கையும் பருப்புப் பொடியையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அறையில் பேச்சு தொடங்குவதே அந்த டப்பாவைத் திறக்கும்போதுதான். இறுக்கமாக மூடும் டப்பாவாகப் பார்த்துப் போடுங்கள், எறும்பு வராது.

8. இப்போது வாங்கவே வேண்டாம்

மினி டிராஃப்டர் (பொறியியல் வரைபடம் போடும் கருவி), லேப் கோட், காக்கி உடை, கால்குலேட்டர். எந்த வகை, எந்த நிறம் என்று துறையில் சொல்வார்கள். டிராஃப்டரைப் பல சீனியர்கள் பாதி விலைக்கோ சும்மாவோ கொடுத்துவிடுவார்கள். மேஜை விளக்கு, ஷூ ஸ்டாண்ட் எல்லாம் அறையைப் பார்த்தபிறகு.

9. கட்டுவது

உங்கள் கையாலேயே கட்டுங்கள். வீட்டில் உதவட்டும், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு பெட்டி, ஒரு முதுகுப்பை, படுக்கைக்கு ஒரு மூட்டை. காகிதம், போன், சார்ஜர், மருந்து, ஒரு மாற்றுத் துணி, பூட்டு ஆகியவை முதுகுப்பையில். பெட்ஷீட்டும் கொசுவலையும் மூட்டையின் மேலாக. போய் இறங்கிய முதல் ராத்திரி தேவைப்படுவது இவைதான்.

கட்டி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் தூக்கி மொட்டை மாடி வரை ஏறிப் பாருங்கள். பல ஹாஸ்டல்களில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கினால் முதலில் வெளியே எடுக்க வேண்டியவை பிளஸ் டூ புத்தகங்கள், அடுத்தது இரண்டாவது ஜோடி ஷூ.