கோவை அக்ரியில் சேரப்போகும் தங்கைக்கு

கவுன்சலிங்கில் கோவை கிடைத்துவிட்டதென்று சித்தி மகள் போன வாரம் போன் பண்ணினாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களுக்குத் துறையூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காடு. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் பி.எஸ்சி. அக்ரி படித்தேன். இப்போது வேளாண்மை அலுவலர் வேலை.

முதல் மாதமே பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிடு. 1868-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்த பண்ணைப் பள்ளி, 1906-ல் கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. நூறு வருஷத்துக்கு மேலாக உழுத நிலம் அங்கே கிடக்கிறது. ஹாஸ்டல் ஓரிடம், வகுப்பு ஓரிடம், நன்செய்ப் பண்ணை இன்னோரிடம். சைக்கிள் இருந்தால் பிராக்டிகல் இல்லாத நாளிலும் வயலுக்குப் போவாய். அந்தப் போக்குவரத்தில்தான் படிப்பு இருக்கிறது.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷைவிட லத்தீன் பெயர்கள்தான் பயம். ஒரு நோட்டில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் சைப்பிரஸ் ரொட்டண்டஸ், அந்தப் பக்கம் கோரை. இந்தப் பக்கம் ட்ரையாந்திமா, அந்தப் பக்கம் சாரணை என்று எழுது. செடியைக் கையில் வைத்துக்கொண்டு எழுது. தமிழ்ப் பெயர் தெரியவில்லையென்றால் களையெடுக்கும் அக்காமாரைக் கேள். வெங்காயக் காட்டில் வளர்ந்த எனக்கு நெல் நாற்றும் குதிரைவாலியும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பண்ணையில் ஓர் ஆத்தா இலையைத் தண்டிலிருந்து லேசாக விலக்கி, "இதுக்கு நாக்கு இருக்குதா பாரு அம்மணி" என்றார். நெல்லில் இலை தண்டோடு சேருமிடத்தில் வெள்ளையாக, மெல்லிசாக ஒரு நாக்கு நிற்கும். குதிரைவாலிக்கு அந்த இடம் மொட்டையாக இருக்கும். கொஞ்ச நாளில் வகுப்பில் 'லிக்யூல்' என்று வந்தபோது நான் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கவில்லை.

நெல் பிராக்டிகலில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு சென்ட் கொடுத்தார்கள். நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை நம் பொறுப்பு. அதை மார்க்குக்கான வேலையாக நினைக்காதே. உரக் கணக்கு உனக்குப் புரியப்போவது அங்கேதான். மத்திய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான், ஆகவே 150 கிலோவுக்கு 326 கிலோ யூரியா. சென்டுக்கு இறக்கினால் 1.3 கிலோ. நாலு தடவையாகப் பிரித்தால் தடவைக்கு 330 கிராம். அந்த எடை கைக்குப் பழகிவிட்டால் பரீட்சையில் தசமப் புள்ளி தப்பாக வைத்தாலும் மனசு உடனே சொல்லிவிடும்.

முதல் மேலுரத்தை நான் வீணாக்கினேன். வரப்பில் நண்டு வளை இருந்ததைப் பார்க்கவில்லை. யூரியா கரைந்த தண்ணீர் ராத்திரியோடு பக்கத்துப் பாத்திக்குப் போய்விட்டது. ஒரு வாரத்தில் பக்கத்துப் பாத்திக்காரியின் பயிர் கரும்பச்சை, என்னுடையது வெளிறியது. கீழ் இலைகள் முதலில் மஞ்சளாயின. தழைச்சத்துக் குறைந்தால் பயிர் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். குருத்தே மஞ்சளானால் இரும்பையோ கந்தகத்தையோ சந்தேகப்பட வேண்டும். நீ உரம் போடும் நாளில் முதலில் தண்ணீரை வடித்துச் சேறும் சகதியுமாக வை. வரப்பைச் சுற்றி நடந்து ஒவ்வொரு வளையையும் மிதித்து அடை. பிறகு வீசு.

பூச்சிகளைப் பிடித்து ஊசி குத்திச் சேர்க்கும் பூச்சிப் பெட்டியைக் கடைசி வாரத்துக்கு வைக்காதே. வண்டுக்கு வலது முன்னிறக்கையில் ஊசி குத்து. எந்தப் பயிரில், எந்தத் தேதியில் பிடித்தாய் என்ற சீட்டு இல்லாத பூச்சிக்கு மதிப்பே கிடையாது. மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு மூன்றாம் வருஷம் தொடங்கினால் போதும்.

கடைசி வருஷம் 'ராவே' வரும், கிராமத்தில் தங்கிப் படிப்பது. காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போ, ஊரே அங்கே வந்துபோகும். முதல் நாள் எந்தச் சிபாரிசும் சொல்லாதே. "போன வருஷம் என்ன போட்டீங்க, என்ன ஆச்சு?" என்று மட்டும் கேள். ஊர் வரைபடம் போடும்போது கோலமாவை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்துவிடு. அவர்கள் கிணற்றை எங்கே முதலில் வரைகிறார்கள் என்று பார். மண் மாதிரி எடுக்கும்போது மேல் குப்பையை ஒதுக்கி, V வடிவில் 15 செ.மீ. வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, கால் பங்கிட்டு அரைக் கிலோவாக்கு. பையில் நிலத்துக்காரரின் பெயரோடு விலாசமும் எழுது. நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஐந்து பேருடைய மண் பரிசோதனை முடிவுதான் வந்திருந்தது. மீதியைத் தமிழில் எழுதி ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்பினோம்.