உறுதியும் கடவுச்சீட்டும் கூகுளில் மட்டும் இருந்தால் போதாது: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை

பத்திரத்தின் அருமை திருகோணமலை ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடம்பெயர்வில் ஒரு தரம், 2004 டிசம்பர் சுனாமியில் இன்னொரு தரம் என்று காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து, பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் அலைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அதனால் இப்போது எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைக்கிறோம். பேக்கப் போட்டிருந்தால் அந்தப் படம் தானாகவே கூகுளுக்கும் போய்விடுகிறது. அதோடு பயம் விட்டுப்போகிறது. அப்படி விட்டுப்போகக் கூடாது.

கள்ளர் கையில் சிக்குவது ஒரு ஆபத்துத்தான். அதைவிடப் பெரியது, கணக்கைத் திறந்து வைப்பதா பூட்டுவதா என்ற முடிவு முழுக்க நிறுவனத்திடம் இருப்பது. 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன் குழந்தையின் நோயை வைத்தியருக்குக் காட்டப் படம் எடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைச் சிறுவர் துஷ்பிரயோகம் என்று எடுத்துக் கணக்கை மூடிவிட்டது. பொலிஸ் விசாரித்துக் குற்றமில்லை என்று முடித்த பிறகும் கணக்குத் திரும்பி வரவில்லை. அமெரிக்காவிலேயே அந்த நிலை என்றால், நாம் இங்கே எந்தக் கந்தோரில் போய் முறையிடுவது? இன்னொரு விதியும் உண்டு: இரண்டு வருடம் பாவிக்காத தனிப்பட்ட கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கலாம். கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்ப் புதுக் கணக்குத் திறந்தவர்களின் பழைய கணக்குகள் இதில் அகப்படும்.

ஆகவே முதலில் பிரதி எடுங்கள், பிறகு கணக்கை உறுதிப்படுத்துங்கள், அதற்குப் பிறகுதான் கூகுளிலுள்ள படங்களை அழியுங்கள். ஒழுங்கு மாறினால் நட்டம் உங்களுக்குத்தான். பேக்கப் ஆன படத்தைக் கூகுள் போட்டோஸ் செயலியில் அழித்தால் போனிலிருந்தும் கூகுளிலிருந்தும் சேர்ந்தே போய்விடும். குப்பைக்கூடையில் 60 நாள் கிடக்கும், அவ்வளவுதான்.

பிரதியை வெளியே எடுப்பது

கணினியில் உங்கள் கணக்குக்குள் போய், கூகுளில் கிடப்பதை மொத்தமாக இறக்கித் தரும் ‘கூகுள் டேக்அவுட்’ பக்கத்தைத் திறவுங்கள். எல்லாச் சேவைகளுக்கும் முன்கூட்டியே சரி அடையாளம் விழுந்திருக்கும். ‘டீசெலக்ட் ஓல்’ அழுத்தி அவற்றை நீக்கிவிட்டு, போட்டோஸ், ட்ரைவ், ஜிமெயில், தொடர்பு இலக்கங்கள் ஆகிய நான்கை மட்டும் தெரிவு செய்யுங்கள். கோப்பின் அளவாக 2 ஜிபியை வையுங்கள். 50 ஜிபி வரை இடம் தருவார்கள், ஆனால் மழைக்காலத்தில் லைன் அறுந்தால் பெரிய கோப்பை முதலிலிருந்து இறக்க வேண்டி வரலாம். பழைய பென் ட்ரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும், அவை 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்கமாட்டா. கோப்புகள் தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும். அது ஒரு கிழமை அளவுதான் வேலை செய்யும், எனவே இரவு டேட்டா மிச்சமிருக்கும் நாட்களாகப் பார்த்துக் கேளுங்கள்.

இறக்கிய கோப்பை விரித்துப் பார்த்தால் படங்களுக்குப் பக்கத்தில் ‘ஜேசன்’ (.json) என்று முடியும் சின்னக் கோப்புகள் நிறையக் கிடக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். படம் எடுத்த திகதியும் இடமும் அவற்றில் பதிந்திருக்கும்.

பத்திரங்களை மட்டும் தனிக் கோப்புறையில் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் செவன்-ஜிப் மென்பொருளால் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுங்கள். வடிவம் 7இசட் ஆக இருக்கட்டும். ‘என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ என்ற பெட்டியிலும் சரி போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கோப்புப் பெயர்களே காட்டிக்கொடுக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு ஐந்து சொற்கள் நல்ல கடவுச்சொல். அடையாள அட்டை இலக்கம் வேண்டவே வேண்டாம்.

பூட்டிய கோப்பை இரண்டு பென் ட்ரைவில் ஏற்றி, ஒன்றைக் கடற்கரைக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். மலிவாக விற்கும் ‘128 ஜிபி’களில் சிலவற்றின் உண்மையான கொள்ளளவு வெளியே எழுதியிருப்பதில் ஒரு சிறு பங்குதான். ஏறியது போலக் காட்டும், கோப்புத் திறக்காது. ஏற்றி முடிந்ததும் கழற்றித் திரும்பச் செருகி, செவன்-ஜிப்பின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். உப்புக்காற்றில் முனை கறுக்கும், காற்றுப் புகாத டப்பா நல்லது. வருடத்துக்கு இரண்டு தரம் செருகிப் பாருங்கள்.

கணக்கு யார் பெயரில்?

போன் வாங்கிய கடையிலேயே ஜிமெயில் திறந்து தருவது இங்கே வழக்கம். மீட்பு இலக்கமாகக் கடைக்காரரின் நம்பர் கிடக்கலாம், கடவுச்சொல்லும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்புத் தொலைபேசியையும் மின்னஞ்சலையும் இன்றைக்கே பாருங்கள். வெளிநாடு போகிறவர் சிம்முக்குக் காசு போடாமல் விட்டால் அந்த இலக்கம் இன்னொருவருக்கு விற்கப்படலாம், கணக்கைத் திறக்கக் கூகுள் அனுப்பும் குறுஞ்செய்திக் குறியீடும் அவருக்கே போகும். ஆகவே கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் தரும் பத்து எட்டிலக்க பேக்கப் குறியீடுகளைத் தாளில் அச்சடித்துக் காணி உறுதியோடு வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தரம்தான் செல்லும்.

வட்ஸ்அப்பும் கொமினிகேஷன் கடையும்

அச்செடுக்கக் கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்து, மூடாமலே வருகிறவர்கள் பலர். கடையில் இருப்பவர் உங்கள் சாட்டை அன்றைக்கும் வாசிக்கலாம், அடுத்த கிழமையும் வாசிக்கலாம். கடையை விட்டு இறங்க முன்பு உங்கள் போனின் வட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள்.

செய்தி போகும் வழியில் பூட்டப்பட்டிருந்தாலும், கூகுளில் ஏறும் சாட் பேக்கப் அதே முறையில் தானாகப் பூட்டப்படுவதில்லை. சாட் பேக்கப் பகுதியில், உங்களைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாத ‘எண்ட்-டு-எண்ட்’ பேக்கப்பை நீங்களே போட வேண்டும். கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ எழுதி வையுங்கள்: போனும் போய் அதுவும் போனால் வட்ஸ்அப்பாலும் மீட்க முடியாது.

முகநூலில் ‘நீங்கள் எந்த மிருகம்’ வகைச் சோதனைகளைத் தொடவே வேண்டாம். 2018இல் வெளியான, கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் 8 கோடி 70 இலட்சம் பேர் வரையிலான விபரம் போனது அப்படியொரு சோதனைச் செயலியால்தான். அவர்களில் பெரும்பாலானோர் அதைத் திறந்தவர்களின் நண்பர்கள், தாங்களாக எதற்கும் சம்மதித்தவர்கள் அல்லர்.

விடுதி நடத்துகிறவர்களுக்கு

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விருந்தினரின் கடவுச்சீட்டுப் படம் வட்ஸ்அப்பில்தான் வருகிறது. அது கெலரிக்குப் போய், அங்கிருந்து உங்கள் சொந்தக் கூகுள் கணக்குக்கும் ஏறலாம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைச் சேகரிப்பவர்மீதும் பொறுப்பை வைக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. வட்ஸ்அப்பின் சாட் அமைப்பில் ‘மீடியா விசிபிலிட்டி’யை நிறுத்துங்கள், கூகுள் போட்டோஸ் பேக்கப்பில் வட்ஸ்அப் படக் கோப்புறையையும் நிறுத்துங்கள். விருந்தினர் சாட்டுக்கு 7 நாளில் மறையும் செய்தி முறையைப் போடுங்கள். இவை புதிதாக வருபவற்றுக்கு மட்டுமே செல்லும். போன சீசனின் கடவுச்சீட்டுகளைக் கெலரியிலும் கூகுளிலும் தேடி, கையால்தான் அழிக்க வேண்டும்.