கையில் இருப்பது பைரோமார்பைட்டா? ஈயக் கனிமம் ஒன்றை இனங்காணும் முறை

பைரோமார்பைட் என்று சொல்லப்படும் ஒரு கல் கைக்கு வந்தால், அதன் நிறத்தைக் கடைசியில் பாருங்கள். புல்பச்சைதான் இக்கனிமத்துக்குப் புகழ் வாங்கித் தந்தது என்றாலும் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு நிறங்களிலும் இது கிடைக்கிறது. ஜெர்மனியின் பாட் எம்ஸ் வட்டாரச் சுரங்கங்கள் சின்னஞ்சிறு பீப்பாய்களைப் போன்ற பழுப்புப் படிகங்களுக்கே புகழ்பெற்றவை.

முதலில் எடையைச் சோதியுங்கள். பாறை ஒட்டாத துண்டு ஒன்றைத் துல்லியமான தராசில் நிறுத்துவிட்டு, நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி மறுபடி நிறுத்து, முதல் எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் நீரைவிட எத்தனை மடங்கு கனமானது என்ற எண், கிடைத்துவிடும். காற்றில் 14 கிராமும் நீரில் 12 கிராமும் காட்டினால் விடை 7. பைரோமார்பைட்டின் மதிப்பும் ஏறத்தாழ அதுவே. இதைப் போலத் தோன்றக்கூடிய கனிமங்களில் பச்சை அபடைட்டும் ஃபுளோரைட்டும் 3.2-ஐ ஒட்டியும், மாலகைட் 4-ஐ ஒட்டியும் நின்றுவிடுவதால், இந்த ஒரு சோதனையே பெரும்பாலான குழப்பங்களைத் தீர்த்துவிடும்.

அடுத்து, உருப்பெருக்கியில் வடிவத்தைப் பாருங்கள். அறுகோணப் பட்டகங்கள், சில வேளை முனையில் குழிந்தவை, பிசின் பூசியது போன்ற மினுமினுப்போடு தெரியும். மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 3.5 முதல் 4 வரை என்பதால் கத்தி முனை கீறிவிடும். நல்ல படிகத்தைக் கீற எனக்கு மனம் வராது. உடைந்த ஓரமே போதும். கீறிய தூளில் ஈயம் இருப்பதால் அதை ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கைகளைக் கழுவுங்கள்.

மிமெடைட் என்னும் இன்னொரு ஈயக் கனிமத்திடம் மட்டும் இச்சோதனைகள் தோற்றுவிடும். பைரோமார்பைட்டில் பாஸ்பரஸ் கொண்ட பாஸ்பேட் இருக்கும் இடத்தில் ஆர்சனிக் கொண்ட ஆர்சனேட் அமர்ந்தால் அதுவே மிமெடைட். இரண்டுக்கும் இடைப்பட்ட கலவைகளும் உண்டு. 'போலி செய்பவர்' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்ததே இந்த ஒற்றுமையால்தான். இங்கே ஆய்வகப் பகுப்பாய்வே முடிவு சொல்லும். உருக்கிய துளி ஆறும்போது படிக முகங்களைக் காட்டுவதால்தான் 'நெருப்பு', 'வடிவம்' என்னும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1813-இல் பைரோமார்பைட் எனப் பெயரிட்டார்கள். ஆயினும் உருக்கிப் பார்க்கும் அந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது, ஏனெனில் ஆர்சனிக் கலந்திருந்தால் எழும் புகை நஞ்சு.

எங்கே கிடைத்தது என்றும் கேளுங்கள். ஈயத் தாதுவான கலீனா நிலத்தடியின் மேல்மட்டத்தில் காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது, பாறையிலிருந்து கரைந்து வரும் பாஸ்பேட்டுடன் அந்த ஈயம் சேர்ந்தே இது உருவாகிறது. அமெரிக்காவில் ஐடஹோவின் பங்கர் ஹில், பிரான்சின் லே ஃபார்ஜ், சீனாவில் குவாங்சியின் தாவ்பிங் ஆகிய சுரங்கங்கள் சிறந்த மாதிரிகளைத் தந்தவை. இது நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும் என்பதால், ஈயத்தால் கெட்ட மண்ணில் பாஸ்பேட்டைக் கலந்து, அந்த ஈயத்தை இதே கனிமமாக மாற்றி மண்ணிலேயே கட்டிவைக்கும் முறையும் கையாளப்படுகிறது.