பூட்டிய வீட்டுக்குள் குழந்தை இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால்

மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குழந்தை என்றதும், ஓநாய் வளர்த்த குழந்தைகள் பற்றிய கதைகள்தான் நினைவுக்கு வரும். அவற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். 1920-இல் வங்காளத்தின் மேதினிப்பூர்ப் பக்கம் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கமலா, அமலா கதைக்கு, அவர்களை வளர்த்த பாதிரியாரின் குறிப்புகளைத் தவிர நம்பத்தக்க சான்று இல்லை. நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வுகளில் குழந்தை இருந்த இடம் பெரும்பாலும் காடு அல்ல, வீடு. 1970 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஆர்கேடியாவில் மீட்கப்பட்ட, 'ஜீனி' என்ற புனைபெயரால் அறியப்படும் சிறுமிக்கு அப்போது 13 வயது. இரண்டு வயது நிரம்பும் முன்பிருந்தே ஓர் அறையில் அடைக்கப்பட்டு, பகல் முழுக்க நாற்காலியில் கட்டப்பட்டுக் கிடந்தாள். பார்வை மங்கிய தாய் உதவித்தொகை கேட்டுப் போனபோது தவறுதலாக வேறோர் அலுவலகத்துக்குள் நுழைந்தார். கூட வந்த சிறுமியின் நிலையைக் கண்டு அங்கிருந்த பணியாளர் சந்தேகப்பட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. அதன்பின் சொற்கள் நிறையக் கற்றாள். வாக்கியம் அமைக்கும் திறன் மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதை ருமேனியா காட்டியது. புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். காப்பகத்தில் சோறும் கூரையும் இருந்தன. கேட்ட குரலுக்குப் பதில் குரல் கொடுக்கும் ஒரே ஆள் என்று யாரும் இல்லை. எனவே, 'சாப்பாடு போடுறாங்கல்ல' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

எதைக் கவனிப்பது

குழந்தை இருப்பது தெரியும், ஆனால் வாரக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் முதல் அறிகுறி. அங்கன்வாடிக்கு வரவில்லை, தடுப்பூசிக்கு வரவில்லை, பள்ளி வயதாகியும் பள்ளியில் பெயர் இல்லை. உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் குழந்தைகளின் பட்டியல் இருக்கும்; அவர்களிடம் பொதுவாக விசாரிப்பதே பாதி வேலையை முடித்துவிடும். அடுத்தது வீடு. வெளியே பூட்டு, உள்ளே சத்தம். பகலிலும் மறைக்கப்பட்ட சன்னல். சுவரில் தலை மோதுவதுபோல் ஒரே தாளத்தில் வரும் ஒலி.

அழுகை கேட்கவில்லை என்பது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அழுதும் யாரும் வராத கைக்குழந்தை நாளடைவில் அழுவதையே நிறுத்திவிடும். இது பலருக்குத் தெரியாததால்தான் 'அமைதியான பிள்ளை' என்று விட்டுவிடுகிறார்கள்.

நேரில் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள்: தூக்கச் சொல்லிக் கை நீட்டாமலே இருக்கிறதா? பெயர் சொன்னாலும் திரும்பாமல் இருக்கிறதா? முன்பின் தெரியாதவர் மடியில் தயக்கமே இல்லாமல் ஏறுகிறதா? சாப்பாட்டை அள்ளி விழுங்கி, மிச்சத்தை ஒளிக்கிறதா? பின்மண்டை தட்டையாகி முடி உதிர்ந்திருக்கிறதா, கால் வளைந்திருக்கிறதா, வெயிலில் கண் கூசுகிறதா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். மூன்று நான்கு சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள்.

எழுதுங்கள், பிறகு அழையுங்கள்

தேதி, நேரம், கண்டது, கேட்டது மட்டும் எழுதுங்கள். 'கொடுமைக்காரக் குடும்பம்' என்று எழுதினால் பயனில்லை. 'செவ்வாய் காலை 8 முதல் இரவு 7 வரை வெளிப்பூட்டு. 11 மணிக்கும் 3 மணிக்கும் உள்ளே குழந்தையின் குரல்' என்பதை வைத்து அதிகாரி வேலை தொடங்கலாம். மூன்று நான்கு நாள் குறிப்பு போதும். புகை, காயம், மயக்கம், பல மணி நேரம் அசைவே இல்லை என்றால் குறிப்பெல்லாம் வேண்டாம், உடனே அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

மற்ற நேரத்தில், இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098. இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929. அருகிலுள்ள அடையாளத்தோடு வீட்டு முகவரி, தோராயமான வயது, வீட்டில் இருக்கும் பெரியவர்கள், வீடு திறந்திருக்கும் நேரம் ஆகிய நான்கையும் சொல்லுங்கள். கடைசித் தகவல் இல்லாததால் வந்தவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் பெயரைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்துவையுங்கள். இரண்டு நாளில் நடவடிக்கை இல்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்தில் கொடுத்து, நகலை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்புங்கள்.

செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கதவைத் தட்டிக் கேட்பது. அன்றிரவே வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். அடுத்த தெருவில் குழந்தையைப் பற்றி யாருக்கும் தெரியாது. இரண்டு, படமோ காணொளியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பல வீடுகளில் பின்னணி கொடூரம் அல்ல, கையறு நிலை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு முதலில் தேவை, பகலில் பிள்ளையைப் பார்க்க ஓர் இடம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கும் பகல்நேரச் சிறப்புப் பள்ளிக்கும் விண்ணப்பிக்க நீங்கள் கூடப் போகலாம். அதற்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் ஒன்றாகவே நடக்கட்டும்.

இந்த நிலை வராமல் தடுக்க

பிரசவத்துக்குப் பின் தாய்க்கு மனச்சோர்வு வந்தால், பாதிப்பு முதலில் குழந்தையோடு பேசும் பேச்சில்தான் தெரியும். ஒரு மாதமாக மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லையா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று வந்தாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

குழந்தை ஒலி எழுப்பினால் பதில் ஒலி கொடுங்கள், அது பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்லுங்கள், பிறகு அதன் முறைக்காகப் பொறுங்கள். குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் இதைச் செய்தால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கைபேசி இந்த வேலையைச் செய்யாது. குழந்தை பொறுத்திருந்தாலும் கைபேசி பதில் சொல்லாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். 12 மாதத்தில் மழலை ஒலியோ சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, அல்லது எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோனது என்றால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். காது கேட்கும் சோதனை முதலில் நடக்கட்டும். கேட்காத குழந்தையைப் 'புத்தி மந்தம்' என்று மூலையில் உட்காரவைத்த வீடுகள் எத்தனையோ.

மீட்ட முதல் நாட்கள்

எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தைக்குப் பாசத்தில் வயிறு நிறைய ஊட்டுவது உயிருக்கே ஆபத்து. நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரெனச் சாப்பாடு இறங்கினால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயம் நின்றுபோகலாம். விழிப்போடு இருந்து, விழுங்க முடிந்தால், மூன்றரை மேசைக்கரண்டி நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். துணியால் போர்த்தி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறிய அளவில் இரண்டு மணிக்கு ஒருமுறை என்று உணவை அங்கே தொடங்குவார்கள்.

கூட்டம் வேண்டாம், கட்டாயத் தழுவல் வேண்டாம், வெளிச்சம் மெதுவாகக் கூடட்டும். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது மூன்றையும் ஒரே ஆள் செய்யட்டும். ஜீனியை ஒரு வீட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கற்றதில் பெரும்பகுதியை அவள் இழந்தாள். தலையணைக்கடியில் ஒளித்த உணவைப் பிடுங்காதீர்கள். கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் பிஸ்கட் வையுங்கள். ஒளிப்பது தானாகக் குறையும்.

குழந்தைகள் நலக் குழு விசாரித்து, குழந்தையைச் சொந்த வீட்டுக்கே அனுப்பலாம். அப்போது வாரம் இருமுறையாவது யாராவது குழந்தையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஆள் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். தொடர்ந்து மூன்று முறை 'தூங்குகிறது', 'ஊருக்குப் போயிருக்கிறது' என்றே பதில் வந்தால், பழைய புகார் எண்ணைச் சொல்லி 1098-ஐ மீண்டும் அழையுங்கள்.